முப்பத்தாறு பேர் கண்ணும் திறந்திருக்கணும்

அந்த நாற்காலி வேணாம்ண்ணே, ஒரு கால் ஆடும். நானே இப்பத்தான் விழப் பார்த்தேன். இந்த பெஞ்சுல வந்து உட்காருங்க. அண்ணாச்சியைப் பார்க்கத்தானே வந்தீங்க? உள்ளதான் இருக்காரு. ஆனா இப்ப யாரையும் விட மாட்டாரு. என் பென்டிரைவைக் கம்ப்யூட்டர்ல போட்டு, நான் எடுத்த படத்தையெல்லாம் பார்த்துக்கிட்டிருக்காரு. "முடிச்சுட்டுக் கூப்பிடறேன், வெளியில இரு"ன்னுட்டாரு. கால் மணி நேரமாச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. யாராவது வந்தா பேசலாமேன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க வந்தீங்க. பேசலாம்ல?

மடியில என்னது, கேமரா பையா? அட! அப்ப நீங்களும் அண்ணாச்சி நடத்தற காசி டூருக்கு டிக்கெட் போடத்தான் வந்திருக்கீங்க. வாயைத் திறக்க வேணாம், பார்த்தாலே தெரியுது. காசின்னதும் எல்லாருக்கும் ஒரு கேமரா வாங்கணும்னு தோணிடும். பையோட வாரு தேஞ்சிருக்கே, செகண்ட் ஹேண்டா? பரவால்லண்ணே, என்னோடதும் செகண்ட் ஹேண்ட்தான். ஏமாந்திருந்தாலும் இனிமே என்ன பண்ண முடியும்? நான் சொல்றதை மட்டும் கேட்டுக்கங்க. நான் பட்டது உங்களுக்கு உதவும்.

என் பேரு தேனரசி. பிளஸ் டூ முடிச்சாச்சு. மார்க்கு அறுநூறுக்கு முந்நூத்து நாற்பத்தொண்ணு. நீங்க கேட்கல, ஆனா எப்படியும் கேட்பீங்க, எல்லாரும் கேட்கிறாங்க. எனக்கு அதுல வெட்கமே கிடையாது. எங்கப்பாவுக்குத்தான் வெட்கம். பிரஸ்ல கட்டிங் மெஷின் ஓட்டறாரு. பேப்பர் ஒரு நூல் கோணினாலும் அவருக்குத் தூக்கம் வராது. மகள் இவ்வளவு கோணினா எப்படி இருக்கும்? பி.காம் ஃபாரம் வாங்கி, பேரு ஊரெல்லாம் அவரே எழுதி வச்சிருக்காரு. நாளைக்குக் கடைசி நாள். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஆனா எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். அண்ணாச்சி என்னைக் காசிக்கு போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாருன்னா, அப்பா ஒரு வருஷம் என்னை விட்டுடுவாரு. படி, சேருன்னு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இல்லேன்னா நாளைக்கே கையெழுத்து. பதினாறு நாள்ண்ணே! ரயில்ல! காசி, கயா, அலகாபாத்து! நான் திருச்சிக்கு வடக்க போனதே கிடையாது. திருச்சிக்கே வாந்தி எடுத்துக்கிட்டுத்தான் போனேன். கங்கையில காலையில பனி மேல எழும்புமாம், அதுக்குள்ள இருந்து படகு வருமாம். மொதல்ல படகோட மூக்கு மட்டும் தெரியுமாம். நெனச்சா இப்பவே ரயில் ஏறிடலாம்னு இருக்கு. இங்க பாருங்க, கையில மயிர்க்கால் நிக்குது.

சரி, அண்ணாச்சி ஏன் புது ஆள் தேடறாரு? அதைக் கேளுங்க. போன வருஷம் காசிக்கு வந்த போட்டோகிராஃபருக்கு இந்த ஆவணி முழுக்கக் கல்யாண ஆர்டராம். வர முடியாதுன்னுட்டாராம். நல்லவேளை. உங்க தலைக்கு மேல மாட்டியிருக்கே, அந்தக் காலண்டரைத் திரும்பிப் பாருங்க. அதான் அவர் எடுத்த படம், டூர் வந்தவங்களுக்கெல்லாம் அண்ணாச்சி காலண்டராப் போட்டுக் குடுத்தது. கங்கைக் கரையில நாற்பது பேர் நிக்கிறாங்க. ஒரு முகத்துலயாவது காசிக்கு வந்த சந்தோஷம் இருக்கா? கையை ஒட்டி வச்சுக்கிட்டு, நாடியைத் தூக்கிக்கிட்டு, ரேஷன் கார்டுக்குப் போட்டோ பிடிச்ச மாதிரி! கல்யாணத்துல மாப்பிள்ளையை நிறுத்தற பழக்கத்துலயே இவங்களையும் நிறுத்தியிருக்காரு. பின்னாடி கங்கை இருக்கா, கண்மாய் இருக்கான்னே தெரியல.

இருமறீங்களே, தண்ணி வேணுமா? அந்தப் பானையில இருக்கு.

இன்னும் கேளுங்க. ரெண்டாவது வரிசையில ஓரத்துல ஒரு பெரியவர் கண்ணை மூடியிருக்காரு பாருங்க. அந்த வீட்டுக்காரங்க காலண்டரை வாங்கிட்டுப் போயி, மறுநாளே கொண்டாந்து அண்ணாச்சி மேசையில வச்சுட்டாங்க. "நல்லா இருக்கிற மனுசனை இப்படிக் கண்ணை மூடிச் சுவத்துல மாட்டினா, வர்றவங்க எல்லாம் எப்ப தவறினாருன்னு கேக்குறாங்க. மாலை ஒண்ணுதான் குறைச்சல்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அண்ணாச்சிக்கு அது நெஞ்சுல முள்ளு. அதான் என்கிட்ட சொல்லிட்டாரு: "ஏ பிள்ள, அடுத்த ஞாயித்துக்கிழமை நவதிருப்பதிக்கு ஒரு நாள் டூர் போகுது. முப்பத்தாறு பேரு. முப்பத்தாறு பேரும் ஒரே படத்துல நிக்கணும். முப்பத்தாறு பேர் கண்ணும் திறந்திருக்கணும். ஒரு கண்ணு மூடியிருந்தாலும் உனக்குக் காசி கிடையாது."

அந்த டூர் போயிட்டு வந்தாச்சு. இப்ப உள்ள அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்காரு. ஷ்ஷ்... மவுஸ் சத்தம் கேட்குதா? கிளிக்... கிளிக். ரொம்ப மெதுவா போறாரு. மெதுவா போனா நல்லதா கெட்டதா?

நான் மொதல்ல கேமரா வாங்கின கதையைச் சொல்றேன். சிரிக்கக் கூடாது. எங்க மாமா மதுரையில இருக்காரு. பிளஸ் டூ முடிச்சதுக்கு என்ன வேணும்னு கேட்டாரு. கேமரான்னேன். செகண்ட் ஹேண்ட் கேமரா விக்கிற ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. நான் அதுக்கு முன்னாடி மூணு மாசம் ராத்திரி பகலா யூடியூப் பார்த்திருக்கேன், எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லேன்னு நெனப்பு. கடைக்காரர், "என்னம்மா எடுக்கப் போற?"ன்னு கேட்கறாரு. கண்ணாடி அலமாரியில இருக்கறதுலயே நீளமான லென்ஸைக் காட்டினேன். முழங்கை நீளம்! அதுல பார்த்தா எதிர்க் கட்டடத்து மாடியில காயப்போட்ட சட்டையில பொத்தான் இல்லாதது தெரியுது.

"பாப்பா, நீ டூருக்குப் போறியா, சிறுத்தை பிடிக்கப் போறியா?"ன்னாரு.

"ரெண்டுக்கும்தான்"னேன்.

"இதோட ஒரு சின்ன லென்ஸும் எடுத்துக்க."

"சின்னதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு"ன்னேன். மாமா என் காலை மிதிச்சாரு. நான் ஏன் மிதிக்கிறீங்கன்னு சத்தமாவே கேட்டேன்.

அதை மாட்டிக்கிட்டு எங்க தெரு கயல்விழி அக்கா குடும்பத்தோட திருச்செந்தூர் போனேன். எட்டுப் பேரு. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. "நாங்களும் தெரியணும், கோபுரமும் தெரியணும், கலசம் மட்டும் வெட்டுப்படக் கூடாது." அவ்வளவுதான். உலகத்துல டூர் போற எல்லாரும் கேட்கிறது அதான். நானும் கேமராவைக் கண்ணுல வச்சுப் பார்க்கிறேன், கயல்விழி அக்கா மூக்குத்தி மட்டும் தெரியுது. பின்னாடி போனேன். இப்ப முகம் தெரியுது. இன்னும் பின்னாடி போனேன். எட்டுப் பேர்ல மூணு பேரு வந்துட்டாங்க. கோபுரம் எங்க? போனேன், போனேன், பூக்கடை தாண்டி, வாகனம் நிறுத்தற இடம் தாண்டி, ஒரு பஸ்ஸுக்குப் பின்னாடியே போயிட்டேன். அங்க இருந்து கத்தினா அவங்களுக்குக் கேட்கல. போன் போட்டேன். "அக்கா, கொஞ்சம் வலது பக்கம் நகருங்க"ங்கறேன், "எந்த வலது, உன் வலதா என் வலதா"ங்கறாங்க. நடுவுல பால்குடம் எடுத்துக்கிட்டு ஒரு ஊரே நடந்து போகுது. அவங்க போய் முடிச்சதும் டக்குனு அழுத்தினேன். கலசம் வெட்டுப்படாம அருமையா வந்திருக்கு. கிட்ட வச்சுப் பார்த்தா அதுல நிக்கிறது வேற குடும்பம். கயல்விழி அக்கா வீட்டு ஆளுங்க சாப்பிடப் போயி அரை மணி நேரமாச்சு. அந்தக் குடும்பம் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நல்ல குடும்பம், அழகா நின்னாங்க.

மறுவாரம் அதே கடைக்குப் போயி லென்ஸை மாத்தினேன். கடைக்காரர் திரும்பி அலமாரியைத் திறந்தாரு. தோள் மட்டும் குலுங்குச்சு. சின்ன லென்ஸ் தந்தாரு. அகலமாவும் எடுக்கும், கொஞ்சம் கிட்டவும் இழுக்கும். உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். கேமராவை நிறுத்தற மூணு கால் ஸ்டாண்டு, அந்த ட்ரைபாடும் ஒண்ணு வாங்கினேன். ஊருக்குப் போறதுக்கு அதுக்கு மேல எதுவும் வேணாம்ண்ணே, எழுதி வச்சுக்கங்க. கழுத்துல தொங்கறது கனமா இருந்தா மூணாவது கோயில்லயே பஸ்ஸுல வச்சுட்டு இறங்கத் தோணும். பஸ்ஸுல இருக்கிற கேமரா என்னத்தை எடுக்கும்? சீட்டைத்தான் எடுக்கும். உங்க பையைப் பார்த்தா ஏழெட்டு லென்ஸ் இருக்கும் போல. பாதியை வீட்டுல வச்சுட்டு வாங்க.

அப்புறம் பழகணும். அது யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்கல. ஆனா ஒரு மாசம் தினமும் சாயங்காலம் சிவகாசி பஸ் ஸ்டாண்டுல போய் நின்னேன். அதே இடம், வேற வேற ஆளுங்க. மொதல் வாரம் எடுத்ததையெல்லாம் டீக்கடைக்காரர்கிட்ட காட்டினேன். "ஏம்மா, இவர் தலையில ஏன் கரண்ட் கம்பம் முளைச்சிருக்கு?"ன்னாரு. பார்த்தா, ஆமா. ஆளையே பார்த்துக்கிட்டு இருந்தேனா, பின்னாடி நிக்கிற கம்பத்தைப் பார்க்கல. அன்னையில இருந்து அழுத்தறதுக்கு முன்னாடி நாலு மூலையையும் ஒரு சுத்து சுத்திப் பார்த்துருவேன். உச்சி வெயில்ல எடுத்தா கண்ணு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு குழிதான் இருக்கும், அதையும் அங்கதான் கத்துக்கிட்டேன். நிழலுக்கு இழுத்துட்டு வந்தா அதே ஆளு பத்து வயசு குறைஞ்சிடுவாரு. ஒரு மிக்சர் விக்கிற அக்கா தன் படத்தைப் பார்த்துட்டு, "நான் இப்படியா இருக்கேன்?"ன்னு கேட்டாங்க. "ஆமா, இப்படித்தான் இருக்கீங்க"ன்னேன். ஒரு பொட்டலம் மிக்சர் சும்மா தந்தாங்க. ஏன்னு தெரியல.

இந்தாங்க முறுக்கு, எடுத்துக்கங்க. வேணாமா? ஏன், முகம் ஒரு மாதிரி இருக்கு? பித்தமா?

சரி, நவதிருப்பதிக்கு வர்றேன். ஒன்பது கோயில், ஒரே நாள். ஸ்ரீவைகுண்டத்துல இறங்கினதும் முப்பத்தாறு பேரையும் நிறுத்தினேன். யூடியூப்ல ஒரு வித்தை சொல்லித் தந்திருந்தாங்க. கூட்டமா எடுக்கும்போது எல்லாரையும் மொதல்ல கண்ணை மூடச் சொல்லணும். மூணு எண்ணினதும் ஒண்ணாத் திறக்கச் சொல்லணும். அந்த நொடி அழுத்தினா ஒருத்தர் கண்ணும் மூடியிருக்காது. வெளிநாட்டுல அப்படித்தான் எடுக்கிறாங்களாம். நானும், "எல்லாரும் கண்ணை மூடுங்க"ன்னேன்.

மூடினாங்க. அண்ணே, முன்னாடி கோபுரம்! புண்ணியத்துக்கு வந்த ஆளுங்க! கண்ணை மூடினதும் அத்தனை பேர் கையும் தானா மேல போயிருச்சு. உதடு முணுமுணுக்குது. "ஒண்ணு... ரெண்டு... மூணு! திறங்க!"ங்கறேன், ஒருத்தர் திறக்கல. ஒருத்தர் கன்னத்துல போட்டுக்கிறாரு. ஒரு அம்மா அழவே ஆரம்பிச்சுட்டாங்க, மருமகளை நெனச்சு. "பெரிம்மா, திறங்க, போட்டோ!"ன்னு நான் கத்தறேன். "பொறு தாயி, இன்னும் ரெண்டு கோரிக்கை இருக்கு"ங்கறாங்க. முப்பத்தாறு பேர், எழுபத்திரண்டு கண்ணு, ஒண்ணுகூடத் திறக்கல. அந்தப் படமும் பென்டிரைவுல இருக்கு. நான் எதையும் அழிக்க மாட்டேன்.

அந்த முப்பத்தாறு பேர்ல மூணு பேரு ஓரகத்திங்க. ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவங்க. பெரியவங்க சீனியம்மா, நடுவுல பாக்கியம், சின்னவங்க ஜெயராணி. மூணு பேருக்கும் தனியா ஒரு படம் வேணும்னாங்க. நிறுத்தினேன். நடுவுல யாரு நிக்கறதுன்னு சண்டை வந்துருச்சு. உங்களுக்கும் தெரியும்ல, மூணு பேரா நின்னு போட்டோ எடுத்தா நடுவுல நிக்கறவங்களுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்களே.

"பாக்கியம், நீ நில்லு"ங்கறாங்க சீனியம்மா.

"நான் எதுக்கு நிக்கணும்? கார்த்திகையில என் பேரனுக்குக் காதுகுத்து. அதுவரைக்கும் நான் முழுசா இருக்கணும். நீங்க நில்லுங்க, நீங்கதான் எல்லாத்தையும் பார்த்துட்டீங்களே."

"என்னத்தைடீ பார்த்துட்டேன்? ஏ ஜெயராணி, சின்னவ நீ நில்லேன்."

"சின்னவளைத்தான் தள்ளி விடுவீங்க. கிணத்துல தண்ணி எடுக்கிறதுல இருந்து எல்லாத்துக்கும் நான்தான்."

நாலாவது ஆள் இருந்தா தோஷம் இல்லையாம். டிரைவர் அண்ணனைப் பிடிச்சு நிறுத்தினாங்க. அடுத்த கோயில்ல இளநீர்க்காரரை. அதுக்கு அடுத்த கோயில்ல ஆளே இல்ல, ஒரு கன்னுக்குட்டி நின்னுச்சு. ஜெயராணி அத்தை அது கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க. "மாடு கணக்குல வருமாடீ?"ன்னு சீனியம்மாவுக்குச் சந்தேகம். "கோமாதாக்கா, நம்ம மூணு பேரையும்விட மேல"ன்னாங்க பாக்கியம் அத்தை. கன்னுக்குட்டி சீனியம்மா முந்தானையைத் தின்னுக்கிட்டிருக்கிற மாதிரி ஒரு படம் இருக்கு. அருமையான வெளிச்சம்.

நாலாவது கோயில்ல டிரைவர் அண்ணன், "என்னை விடுங்கம்மா, நான் ஸ்டியரிங் பிடிக்கணும், போஸ் குடுக்க வரல"ன்னு ஓடிட்டாரு. அப்ப மூணு பேரும் ஒண்ணா என்னைப் பார்த்தாங்க. "நீயே வந்து நில்லு பிள்ள."

எனக்குப் போட்டோவுல நிக்கறதே பிடிக்காதுண்ணே. சுத்தமாப் பிடிக்காது. ஆனா வேற வழி? ட்ரைபாடை நிறுத்தி, டைமர் பத்து செகண்ட் வச்சேன். ஆனி மாசக் காத்து, ட்ரைபாடைத் தூக்கிட்டுப் போகுது. நடுக்கம்பில ஒரு கொக்கி இருக்கும், அதுல எதையாவது கனமாத் தொங்கவிடணும். சமையல்கார அண்ணன்கிட்ட கெஞ்சி தேங்காய்ப் பையை வாங்கித் தொங்கவிட்டேன். அமுக்கிட்டு ஓடினேன். பத்து செகண்ட்ங்கறது நெனக்கிற மாதிரி இல்ல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துருச்சு. படத்துல மூணு அத்தைங்களும் என் முதுகும். மறுபடி ஓடினேன், பாதி ஆளு. மறுபடி ஓடினேன், ஜெயராணி அத்தை மேல மோதிட்டேன். ஓடறப்பவே சும்மா இருக்க முடியுமா? "சீனியம்மா பெரிம்மா, வயித்தை உள்ள இழுத்தது போதும், மூச்சு விடுங்க, மயக்கம் போட்டுருவீங்க!"ன்னு கத்திக்கிட்டே ஓடினேன். "பாக்கியம் அத்தை, பல்லு செட்டு நேரா இருக்கா பாருங்க!" உண்மையைத்தானே சொன்னேன்? அதுக்குப் போய் எல்லாரும் அப்படிச் சிரிக்கிறாங்க.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கோயில்லயும் மத்தவங்களும் சாமி கும்பிட்ட கையோட ஓடி வந்துடறாங்க, நான் ஓடறதைப் பார்க்க. பிள்ளை போய்ச் சேருமா சேராதான்னு பேச்சு. "இந்தத் தடவை சேர்ந்துரும்." "சேராது, செருப்பு வழுக்குது பாரு." பெருங்குளத்துல நான் சரியாப் போய் நின்னப்ப கைதட்டுறாங்க! அர்ச்சகரும் எட்டிப் பார்த்துட்டுப் போனாரு. எனக்கு ஒரே எரிச்சல். தொழில் பார்க்க வந்தா இவங்களுக்கு நான் வேடிக்கை.

கடைசிக் கோயில் ஆழ்வார்திருநகரி. சாயங்கால வெயில், மஞ்சளா, பக்கவாட்டுல இருந்து விழுது. அந்த வெளிச்சத்துக்காகத்தான் பெரிய படத்தை அதுவரைக்கும் தள்ளி வச்சிருந்தேன். முப்பத்தாறு பேரையும் மூணு வரிசையா நிறுத்திட்டேன். நாலு மூலையும் பார்த்தாச்சு. கம்பம் இல்ல. கலசம் இருக்கு. அமுக்கப் போறேன், சீனியம்மா பெரிம்மா, "நீ இல்லாம எப்படி? நீயும் வா"ங்கறாங்க. "இது காலண்டருக்கு பெரிம்மா, நான் வரக் கூடாது"ங்கறேன். "வந்தா சிரிப்போம், வராட்டி முறைப்போம்"னு பாக்கியம் அத்தை. முப்பத்தாறு பேரும் வா வான்னு கூப்பிடறாங்க. சரின்னு டைமரை வச்சுட்டு ஓடினேன்.

வழியில ஒரு இளநீர்க் கூடு கிடந்திருக்கு. நான் பார்க்கல. நாலு மூலையைத்தான் பார்த்தேன், நடுவைப் பார்க்கல. கால் வச்சேன், அது உருண்டுச்சு. ஒரு செருப்பு மேல போகுது, நான் கீழ போறேன். போகும்போதே லைட் மின்னுதா, எடுத்துருச்சான்னு திரும்பி கேமராவைப் பார்க்கிறேன். கிளிக்!

எழுந்து முழங்காலைத் தட்டிட்டு மறுபடி ஒழுங்கா அஞ்சு படம் எடுத்தேன். எல்லாரும் நேரா நிக்கிறாங்க, அழகா நிக்கிறாங்க. பஸ்ஸுல உட்கார்ந்து பெரிசு பண்ணிப் பார்க்கிறேன்... ஒண்ணுல நாலு பேர் கண்ணை மூடியிருக்காங்க, இன்னொண்ணுல மூணு பேரு, இன்னொண்ணுல ஒரே ஒருத்தரு. ஒரே ஒருத்தர்ண்ணே! அதே சீனியம்மா! எனக்கு அழுகையே வந்துருச்சு. கடைசியா அந்த விழுந்த படத்தைப் பார்த்தேன். சிரிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாரும் நான் விழவும் "ஐயையோ"ன்னு கண்ணை அகலத் திறந்திருக்காங்க. நாலு தடவை எண்ணினேன். முப்பத்தாறு. அத்தனையும் திறந்திருக்கு. ஆனா நடுவுல என் கோலமும் செருப்பும்! அதைக் காட்டினா அண்ணாச்சி சிரிப்பாரு, மறைச்சா பொய்யாயிடும். எல்லாத்தையும் போட்டுக் குடுத்துட்டேன். அதான் இங்க...

கதவு திறக்குது.

அண்ணாச்சி! முடிஞ்சுதா? நான் உள்ள வரவா? என்ன? இவரையா? இவர் டிக்கெட் போட வந்தவரு அண்ணாச்சி, இருக்கட்டும், மொதல்ல எனக்குச்... எந்த ரத்தினவேலு?

போன வருஷம் படம் எடுத்த ரத்தினவேலா? இந்தக் காலண்டர் ரத்தினவேலா?

அண்ணே. நீங்களா? ஏண்ணே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அரை மணி நேரமா நான் பேசறேன், நீங்க இருமிக்கிட்டே உட்கார்ந்திருந்தா நான் என்னன்னு நெனக்கிறது? ரேஷன் கார்டுன்னேனே... கண்மாயின்னேனே... உங்க பையை வேற செகண்ட் ஹேண்ட்னு... மன்னிச்சுக்கங்கண்ணே. நான் சொன்னது பொய்யில்ல. ஆனா உங்க முகத்துக்கு நேரா சொல்லியிருக்க வேணாம்.

இல்ல அண்ணாச்சி, ஒண்ணும் இல்ல, சும்மா பேசிக்கிட்டிருந்தோம். என்னது? "இது போட்டோவா, விபத்தா? தொழில் தெரிஞ்சவன் நீயே பார்த்துச் சொல்லு. நீ சொல்றதுதான் முடிவு"ன்னு இவர்கிட்டயா கேட்கறீங்க? இவர்கிட்டயேவா? இதுக்குத்தான் இவரை வரச் சொன்னீங்களா? போச்சு. பி.காம்தான். அண்ணாச்சி, வேற போட்டோகிராஃபரே சிவகாசியில இல்லையா?

சரி. பாருங்கண்ணே. நான் இந்தக் கதவோரமா நின்னுக்கறேன். வாயைத் திறக்கல.

சிரிக்கவும் இல்ல, முறைக்கவும் இல்ல, பேனா முனையால ஒவ்வொரு முகமா எண்ணறீங்க. ஏழு... எட்டு... அது சமையல்கார அண்ணன்... பதினஞ்சு... சரி, பேசல, பேசல. ஜெயராணி அத்தை... முப்பது... அது நிழல்ண்ணே, கண்ணு இல்ல, கொஞ்சம் பெரிசு பண்ணுங்க, ஆங், முப்பத்தொண்ணு... முப்பத்தஞ்சு... முப்பத்தாறு! முப்பத்தாறும் திறந்திருக்கு! நான் சொன்னேன்ல? சொன்னேன்ல அண்ணாச்சி!

என்ன? முப்பத்தேழாவதா?

கீழயா? அது... அது நான். ஐயோ. நான் என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லையே. விழுந்த வேகத்துல... ஆமா அண்ணாச்சி. மூடித்தான் இருக்கு. ரெண்டும் மூடியிருக்கு. இறுக்கமா வேற. "ஒரு கண்ணு மூடியிருந்தாலும்"னு சொன்னீங்க, தெரியும், நான் மறக்கல. சொன்ன சொல்லு சொல்லுதான். பென்டிரைவைக் குடுங்க, நான் கிளம்பறேன்.

என்னண்ணே சொன்னீங்க?

இல்ல, எனக்குக் கேட்டுச்சு. ஆனா அண்ணாச்சிக்குக் கேட்டிருக்காது. அந்த ஃபேன் சத்தத்துல கேட்டிருக்கவே முடியாது. இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க.

"அது போட்டோகிராஃபர் அண்ணாச்சி. போட்டோகிராஃபர் கண்ணு கணக்குல சேராது."

கேட்டீங்களா அண்ணாச்சி? போட்டோகிராஃபராம்! நான் சொல்லல, இவர் சொல்றாரு, முகத்துக்கு நேரா திட்டு வாங்கினவரு சொல்றாரு! நீங்க தலையாட்டறீங்களா, இல்ல ஃபேன் காத்துல ஆடுதா? வாயைத் திறந்து சொல்லுங்க... என்னது, ஆதார் கார்டா? ரயில் டிக்கெட் போடவா? இருக்கு, பையிலயே இருக்கு, பள்ளிக்கூடம் படிக்கறப்ப எடுத்த போட்டோ, மூஞ்சியே தெரியாது, பரவால்ல! ஜன்னல் சீட்டு அண்ணாச்சி. மேல் படுக்கையெல்லாம் எனக்கு வேணாம், இப்பவே சொல்லிட்டேன். அப்பாகிட்ட நீங்களே பேசுங்க, நான் பேசினா நம்ப மாட்டாரு. நான் குதிக்கலாமா? தரை தாங்குமா? ஏற்கெனவே குதிச்சுட்டேன்.

என்னண்ணே, கிளம்பாம இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டிருக்கீங்க? என்ன கேட்கணும், கேளுங்க. உங்களுக்குச் சொல்ல மாட்டேனா?

இருபத்தஞ்சு வருஷமா படம் எடுக்கறீங்க, உங்க முன்னாடி ஒரு கூட்டம்கூட இப்படி முகத்தை வச்சுக்கிட்டது இல்லையா? அத்தனை பேரையும் நான் எப்படி அப்படி ஆக்கினேன்னா கேட்கறீங்க?

அட, இதுல என்னண்ணே இருக்கு. பத்து செகண்ட் டைமர். அதை வச்சுட்டுப் பேசாம ஓடிப் போய் நின்னுடணும், அவ்வளவுதான். உங்க கேமராவுலயும் இருக்கும். குடுங்க, எங்க இருக்குன்னு காட்டறேன்.